ஏழாம் இலக்கம்

பன்னிரண்டு வருசம் வெள்ளை.
அரசாங்கம் தந்த துணி,
அதிபர் சொன்ன நீளம்.
பிறகு, உயர்தரத்தின் கடைசித் தாளும் எழுதி முடித்த மறுநாள்
அலுமாரியைத் திறந்தபடி ஒருத்தி நிற்கிறாள்.
என்ன போடுவதென்று
அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் காலைக்காகத்தான்
இந்தப் பதினொரு உடுப்பும்.

கட்டுநாயக்கவில் ஆறு வருசம்
எந்த நாட்டின் குளிருக்கோ கை பொருத்தினேன்.
நாளுக்கு அறுநூறு இடக்கை.
வலக்கை சமந்தியுடையது, தெனியாயப் பக்கத்துப் பிள்ளை.
முழுச்சட்டை எப்படியிருக்குமென்று
இரண்டு பேருக்கும் தெரியாது.

இப்போது உட்துறைமுக வீதியில்
ஒரு மேல்மாடி, இரண்டு மெஷின்,
கப்பல் ஊதினால் அதிரும் யன்னல்.
படிக்குக் கீழே வைத்த அளவுத்தாளை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் தின்றுவிட்டது.
அது மூன்றாம் இலக்கத்தின் கழுத்து.
ஞாபகத்தில் திரும்ப வரைந்தேன்.
கொஞ்சம் அகன்று வந்தது.
மானுக்குத்தான் கண் சரி.

முதலாவது, பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்க.
இரண்டாவது, வந்தபின்
யார் முகத்திலும் முழிக்காமல் இருக்க.
அதற்குத் தலையை மூடும் பெரிய தொப்பி.
வங்கி நேர்முகத்துக்கு ஒன்று:
அக்குளில் இரட்டைத் துணி,
வியர்வை சாட்சி சொல்லாதபடி.
கபிலாசனுக்குத் தைத்ததில் மட்டும் பை வைக்க மறந்தேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவன் ஒத்திகை முழுக்கத் தவித்தான்.
பத்தொன்பது வயதில் பெரிய பிரச்சினையே கைதான்.
எல்லா உடுப்புக்கும் பை வைத்தேன் பிறகு.

ஏழாவது என்னுடைய சீருடை.
பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில்
எல்லோரும் கையெழுத்துப் போட்டது.
முதுகில் பெரிதாக 'மறவாதே'.
எழுதியவள் யாரென்று மறந்துவிட்டேன்.
அதை வெட்டி, எழுத்து வெளியே தெரிய
நீண்ட மேலங்கியாக்கி
என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது,
கிண்ணியாவிலிருந்து வந்த ஷிபானியா கேட்டாள்:
"அக்கா, இத உடுத்துட்டு
பஸ்ல ஏறேலுமா?"

கோபம் வந்தது.
இது மேடைக்கு, பஸ்ஸுக்கில்லை என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
தன் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு போனாள்.
இரவு பதினொன்றரைக்குத் தையலைப் பிரித்தேன்.
எழுத்தெல்லாம் உள்ளே போனது, உடம்போடு.
வெளியே வெறும் வெள்ளை, அவுரியில் ஒருமுறை முக்கியது.
அடையாள அட்டைக்கு ஒரு பை,
சில்லறைக் காசுக்கு ஒன்று.

ஞாயிறு, உவர்மலை மண்டபம்.
எண்பது கதிரை, சுழல மறுத்த ஒரு மின்விசிறி.
முடிவில் முன்வரிசை ஐயா எழுந்து
"எல்லாம் நல்லம் பிள்ளை,
கூறையொண்டும் இல்லையோ?" என்றார்.
சனம் சிரித்தது.
எனக்கு அங்கே பதில் வரவில்லை.
கதிரைகளை அடுக்கும்போதுதான் வந்தது:
வெள்ளைக்கும் கூறைக்கும் நடுவில்
ஒரு உடம்பு இருக்கிறது, ஐயா.
அதற்குத்தான் ஊரில் துணி கிடையாது.

திரும்பி வந்தவை பத்து.
ஒரு கொழுவி வெறுமையாக ஆடியது.

புதன்கிழமை, பஸ் நிலையம்.
கிண்ணியா பஸ்ஸின் மூன்றாவது யன்னலில்
அவுரி நீலம்.
கையை இரண்டு மடிப்பு மடித்து
நான் வைக்காத இடத்தில் ஒரு ஊக்கு குத்தி
மடியில் ஏதோ கோப்போடு இருந்தாள்.
என்னைக் காணவில்லை.
பக்கத் தையல்களில் ஒன்றரை அங்குலம்
உள்ளே விட்டிருக்கிறேன், வேண்டியபோது பிரித்துக்கொள்ள.
கூப்பிட்டுச் சொல்லலாமென்று வாய் திறந்தேன்.
பஸ் வெளிக்கிட்டது.

கொப்பியில் எழுதினேன்:
இலக்கம் ஏழு.
விற்கவில்லை. திரும்பவுமில்லை.