எச்சம்

பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.
லித்தியம் ஆலைத் திட்டச் சுருக்கம்,
வியாழனுக்குள் தமிழில் வேண்டும்.
வெள்ளியன்று கருப்பூரில் கருத்துக்கேட்பு.

கல் கப்பலில் வரும்.
தூத்துக்குடியில் இறங்கி லாரி ஏறும்.
ஆயிரம் டிகிரியில் வறுபட்டு
அமிலத்தில் ஊறி
வெள்ளைப் பொடியாக மறுபடி கப்பல்.
தடங்கலே இல்லை, ஏழாம் பக்கம் வரை:
ஒரு டன் பொடிக்கு ஒன்பது டன்…
அங்கே நின்றுவிட்டேன்.

கழிவு என்று எழுதினேன்.
'காட்டமா இருக்கே மேடம்' என்றார்
திட்ட மேலாளர் கிருபாகரன்,
போனில், பின்னால் ஐந்து ரோடு ஹாரன்கள்.
'மீதம்?'
மீதம் மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிடுவது.
கடைசியில் எச்சம்.
அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பந்தலில் வாசித்தார்கள்.
போர்வெல் வண்டிக்காரர் மாரப்பன் எழுந்தார்:
'எச்சம்னா? காக்கா போடுமே, அதுவா?
ஒன்பது டன்னா?'
சிரிப்பு அடங்க நேரமானது.
குறிப்பேட்டில்: 'ஒருவர் விளக்கம் கோரினார்.'

கடைசி நாற்காலியில் நான்.
பெற்ற பிள்ளைகளுக்கும் அதே சொல்,
முடியாமல் நிற்கும் வினைக்கும்.
அகராதியைக் கேட்கவா கூட்டினார்கள்?

வெளியே, மூடிய சுரங்கத்தின்
வெள்ளைக்கல் மேடுகள்.
தூசி அங்கிருந்து கிளம்பி
பந்தலுக்குள் நுழைந்து
வரிசையாய் வைத்த தண்ணீர் டம்ளர்களில்
மெல்லப் படிந்து