கதவின் அகலம்

சிறகு நுனியிலிருந்து சிறகு நுனிக்கு
இருபத்தொன்பது அடி நாலு அங்குலம்.
எமில்டா அக்கா சுண்ணாம்புத் தூளால்
சாம்பல்தீவு வளவு மண்ணில் விமானத்தைக் கீறினாள்.
விமானம் இன்னும் கொழும்புத் துறைமுகத்தில்,
மூன்று பெட்டியாய், சுங்கத்தின் கையெழுத்துக்கு.
பக்கத்து வளவு ஆடு வந்து
இடது சிறகைக் குறுக்காகக் கடந்து
வால் வரவேண்டிய இடத்தில் புழுக்கை போட்டது.

"மடிக்கிற சிறகுதானே அக்கா,
பன்னிரண்டு அடிக் கதவு காணும்.
காசு பாதி மிஞ்சும்."
"சீனக்குடாவுக்கு ட்ரெய்லரில கொண்டுபோகேக்க
மடிக்கத்தானே போறன்.
வீட்டிலயாவது கையை நீட்டிக்கொண்டு நிக்கட்டும்."
தோஹாவில் பத்தொன்பது வருடம்
பிறர் விமானங்களுக்கு ஆணி இறுக்கியவள்,
எட்டுப் பேர் அறையில் மேல்கட்டிலில் படுத்தவள்.
முப்பத்திரண்டு அடி என்று எழுதினேன்.

நடுவில் தூண் கிடையாது.
கடல் அரைக் கட்டை தூரம்;
உப்பு, மலிவுத் தகரத்தை மூன்று மாரியில் தின்றுவிடும்.
வாசல் கிழக்கே வைத்தால் வாடை.
மேற்கே வைத்தால் ஆடிக் கச்சான், புழுதியோடு.
தெற்கே மதில்.
வடக்கே லூர்துமலரின் கோழிக்கூடு.
கோழிக்கூட்டோடு பேசிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

பிரதேச சபைப் படிவத்தில்
"வாகனத் தரிப்பிடம்" என்பதற்குச் சரி போட்டோம்.
எத்தனை சில்லு என்று கேட்டார் எழுதுநர்.
மூன்று.
ஓட்டோ என்று அவரே எழுதிக்கொண்டார்.

மண் பார்க்கக் கம்பி இறக்கினோம்.
மூன்று மூலையில் முட்டி நின்றது.
வடகிழக்கில் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.
"அது பங்கர். தொண்ணூறில அப்பா வெட்டினது.
பிறகு நாங்கள்தான் கல்லும் குப்பையும் கொட்டித் தூர்த்தது."
கம்பியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டியபடி சொன்னாள்:
"மேல வாறது எது எண்டு
சத்தத்திலயே சொல்லிப்போடுவன் அப்ப.
எஞ்சின் படிச்சது அதுக்குள்ளதான்."

வரைபடத்தில் அந்த மூலையைச் சுற்றி வட்டமிட்டு
"ஆறடி தோண்டி, இறுக்கி நிரப்புக" என்றெழுதினேன்.
காற்றுக்குக் கட்டும் வளையங்களில் ஒன்று,
வலது சிறகினுடையது,
சரியாக அதற்கு மேலேதான் வருகிறது.
தள்ளி வைக்கவா என்றேன்.
வேண்டாம் என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

லூர்துமலர் இன்று பதில் சொல்லி அனுப்பினாள்.
கோழிக்கூட்டைத் தள்ளலாமாம்;
மாரி காலத்தில் உள்ளே
நெத்தலி காயப்போட விடவேண்டுமாம்.
மணம் சிறகில் ஏறுமோ என்று
எமில்டா அக்கா என்னைக் கேட்கிறாள்.
அடிமட்டத்தை மடித்து வைக்கிறேன்.