நீள நட்டு

பகடை இல்லை.
முப்பத்தெட்டாம் தெருக் கடையில் லூடோ பலகையோடுதான் தருவேன்,
பன்னிரண்டு ரியால் என்றான்.
ஸ்டோரிலிருந்து நீள நட்டு ஒன்றை எடுத்துவந்தேன்,
இரண்டு கம்பிகளை இணைக்கிற வகை, ஆறு பட்டை.
கணக்கில் ஒன்று குறையும். சேதம் என்று எழுதிக்கொள்ளலாம்.
பெயின்ட் மார்க்கரால் பட்டைக்கு ஓர் எண்.
உருட்டினால் பென்சில் மாதிரி ஓடி
பிச்சைக்கனியின் கட்டில் காலில் முட்டி நிற்கும்.

விதிகள் டெலிவரி நோட்டின் பின்பக்கம்:
நீ யார், சொல்.
என்ன செய்கிறாய், சொல்.
ஆபத்து இருந்தால் மட்டும் உருட்டு.
நாலோ மேலோ விழுந்தால் நடக்கும்.
குறைந்தாலும் நடக்கும், ஆனால் ஒன்றை இழப்பாய்.
ஆறாவது விதிக்கு இடமில்லை,
அங்கே கம்பெனி முத்திரை.

வியாழன் இரவு பதினொன்று. வெளியே முப்பத்தாறு டிகிரி.
சனையாவின் லாரிகள் எல்லாம் ஓய்ந்த பிறகு
ஏசி மட்டும் இருமிக்கொண்டிருந்தது.

பிச்சைக்கனி சொன்னான்: கப்பல் திருடன்.
கப்பலைத் திருடுறவனா, கப்பல்ல திருடுறவனா?
ரெண்டும்தான்.
எஸ்தாக்கி, காது கேட்காத ராணி.
மீசையை எடுக்க மாட்டேன் என்றான் முன்கூட்டியே.
தில்பகதூர் இந்த அறையிலேயே தமிழ் கற்றவன்:
"நான் கரடி இருக்கு."
கரடி கூடாதென்று விதியில் இல்லை.
வேலாயுதம் வெகுநேரம் யோசித்தார்.
"சாரம் கட்டுறவன்."
அறையே சிரித்தது.
அண்ணே, யாரா வேணா இருக்கலாம்ணே.
"தெரியும்ப்பா. இதுதான் எனக்கு நல்லா வரும்."

உப்பு மலை. அதன் வயிற்றில் புதையல்.
கரடி இரண்டு போட்டு ஆற்றைக் கடந்து ஒரு நகத்தை இழந்தது.
ராணி உருட்டிய நட்டு கட்டிலுக்கடியில் போக
நான்கு தலைகள், ஒரு செல்போன் வெளிச்சம்.
ஐந்து!
கூடவே போன மாதம் காணாமற்போன சாக்ஸும்.

வேலாயுதம் முறை.
எதிரே நூறடிச் சுவர், கீழே பாம்புகள் என்றேன்.
"பக்கத்துல மரம் இருக்கா?"
நான் மரம் வைக்கவில்லை.
காகிதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
இருக்கு என்றேன்.
"நிழல்?"
உண்டு.
"அப்ப படுத்துக்கிறேன்."
நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு உருட்டணுமா?"

மூன்றாவது விதியை இன்னொரு முறை படித்தேன்.
வேண்டாம்ணே.

அதற்குப்பின் சுவர் ஏறினார்கள், சண்டையிட்டார்கள்,
ராணி கிரீடத்தை இழந்தாள், திருடன் அதைத் திருடினான்.
ஒவ்வொரு சுற்றிலும் அவர் முறை வரும்.
"தூங்குறேன்."
மூன்றாம் சுற்றில் தில்பகதூர் புதையலைப் பாதியில் விட்டான்.
"கரடி கீழே போகுது. அண்ணன் பக்கம் உட்காருது. பாம்பு வருமே."
அதற்கு உருட்டச் சொன்னேன்.
ஆறு.

சனிக்கிழமை காலை நாலரை.
ஸ்டோர் ஜன்னலில் பெல்ட்டுக்கும் கிளாம்புக்கும் கையெழுத்திட்டார்.
பேனாவைத் திருப்பித் தராமல் நின்றார்.
"அது என்ன மரம்?"
யோசிக்கலையே அண்ணே.
பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஹிந்தியில் திட்டினான்.
"சரி. நான் பார்த்துச் சொல்றேன்"
என்று பன்னிரண்டாம் மாடிக்குப் போனார்.