கடைசி நான்கு எண்கள்

ஆதாரில் நான் ஜெபக்கனி.
பான் அட்டையில் ஜெபா, ஓர் இடைவெளி, கனி.
வங்கிப் புத்தகத்தில்
அப்பா பெயர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.
மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கப்
பதினோரு நாள்.

கடையின் புகைப்படம் கேட்டார்கள்,
பெயர்ப்பலகை தெரியும்படி.
தாராவி, தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து
உள்ளே மூன்று திருப்பம்,
இரும்பு ஏணி ஏறினால் என் கடை.
பலகை மாட்டச் சுவரில்லை.
தோல் துண்டில் பெயரை அடித்து
ஏணியின் மூன்றாம் படியில் தொங்கவிட்டேன்.
கீழ்வீட்டுத் தன்வீர் படமெடுத்தான்.
பின்னால் யாருடைய பாவாடையோ காய்ந்துகொண்டிருந்தது.
ஏற்றுக்கொண்டார்கள்.

நாய்களுக்குக் கழுத்துப்பட்டை செய்கிறேன்.
பெயர் பொறித்துத் தருவேன்.
முன்பெல்லாம் பொருள் கைக்கு வந்த பிறகு காசு.
பத்துப் பெட்டி போனால் மூன்று திரும்பும்.
ஒரு புரூனோ வேண்டாமென்ற பட்டையை
எந்தப் புரூனோவுக்குக் கட்டுவது?
கட்டிலுக்கடியில் ஒரு டப்பா நிறையப்
புரூனோக்கள், சிம்பாக்கள், ஒரு சர்தார்.

பணம் திருப்பித் தரும் விதிகளை
எழுதி வை என்றார்கள்.
எழுதினேன்:
பெயரை அடித்தபின் அழிக்க வராது.

ஒரு மாலை, தளத்தின் முகவரிக்கு முன்னால்
எள்ளளவு பூட்டு வந்து நின்றது.
எங்கள் சந்தில் பூட்டுத் தொங்கினால்
ஆள் ஊருக்குப் போயாச்சு.
இங்கே
பூட்டு இருந்தால்தான் கடை திறந்திருக்கிறதாம்.

சோதனைக்கு எனக்கு நானே
அட்டையில் ஒரு ரூபாய் செலுத்தினேன்.
எங்கெங்கோ சுற்றி
மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது,
தொண்ணூற்றெட்டுக் காசாக.
பரவாயில்லை, வழிச்செலவு.

முதல் ஆர்டர் இரவு ஒன்று நாற்பதுக்கு.
ஜோர்ஹாட்டிலிருந்து. தேடிப் பார்த்தேன், அசாம்.
நாயின் பெயர் பிஜுலி.
குறிப்பு: இடது கண் தெரியாது, மணி வேண்டாம், பயப்படும்.
அதன் கீழே சிவப்பில்:
பணம் செலுத்தல் தோல்வி.

காலையில் அவளே அழைத்தாள்.
இந்தி எங்கள் இருவருக்குமே இரவல்.
"அட்டை நம்பரைச் சொல்கிறேன் தீதி,
நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று
படிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.
நான்கு, ஒன்பது, மறுபடி ஒன்பது...

வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன்.
தையல் மெஷின்கூட நின்றது.
சொல்லாதீங்க. யாரிடமும். என்னிடமும்.

ஒரு நிமிடம் மறுமுனையில் சத்தமில்லை.
கோபித்துக்கொண்டாளோ என்று இருந்தது.

இந்தச் சந்தில் மளிகைக்கடைப் பாக்கி
யாருக்கு எவ்வளவு என்று
குழாயடி வரிசைக்கே தெரியும்.
நான் சீட்டுப்பணம் தவறிய மாதம்
சொல்லிக்கொள்ள யாருமில்லை,
அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
ஒருத்தியின் காசு விவரம்
கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றும்
காதைப் பொத்திக்கொண்டது
எனக்கே புதுசு.

இணைப்பை மறுபடி அனுப்பினேன்.
அவள் அங்கே தட்டியது என்னவோ, எனக்குத் தெரியாது.
அவள் போனுக்கு வந்த ஆறு இலக்கம்
அவளுக்கு மட்டும்.
என் திரையில் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்,
கடைசியில் நான்கு எண்கள்,
பர்தாவுக்கு வெளியே தெரியும் விரல்நுனி மாதிரி.
பச்சை வந்தது.

"எவ்வளவுக்கா வந்துச்சு?"
ஏணியடியிலிருந்து தன்வீர்.
தளம் அமைத்தவன், உரிமையோடு கேட்கிறான்.
வந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஆறெழுத்து அச்சு, ஆறு அடி.
சந்துக்கே கேட்டிருக்கும்
ஏதோ ஒரு பெயர் விழுகிற சத்தம்.
இரண்டாவது ஐ கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது.
உள்பக்கம் மெல்லிய துணி வைத்தேன்.
கயிறு மாட்டும் வளையத்தை
நடுவில் தைப்பதுதான் வழக்கம்.
வலப்பக்கம் தள்ளித் தைத்தேன்,
அது பார்க்கிற பக்கம்.