கேட் திறப்பதற்கு முன்

மே பதினொன்று வரை
லானீஸ் கணவாய் மூடியிருக்கும்.
சிவப்பு வெள்ளைக் கம்பம், ஒரு பூட்டு,
சாவி என் சட்டைப் பையில்.
பனியை முந்தைய வாரமே தள்ளி முடித்துவிடுவேன்.
பிறகு ஊதினேயிலிருந்து காகிதம் வர வேண்டும்,
பாறை உருளாது என்று யாரோ கையெழுத்துப் போட்டு.
அந்த இடைவெளியில்
சாலை எவருடையதும் இல்லை.

கோடையில் நீங்கள் வந்திருக்கலாம்.
மோட்டார் சைக்கிள்கள் கும்பலாக இரையும்,
வளைவுக்கு வளைவு ஒரு கேரவன் மூச்சு முட்டி நிற்கும்.
மிதித்து ஏறுகிறவர்கள்
ஓரத்து வெள்ளைக் கோட்டை விட்டு இம்மி நகர மாட்டார்கள்.
இப்போது
உருகிய நீர் தார்மேல் ஓடுவது கேட்கும்.
அவ்வளவுதான்.

கம்பத்துக்கு அடியில் சைக்கிளைப் படுக்கவைத்து
நுழைகிறவர்கள் உண்டு, ஆண்டுக்கு நாலைந்து பேர்.
தடுக்க வேண்டும். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.
சரியாக அந்த நேரம் பார்த்து
எனக்கு எஞ்சின் எண்ணெயைப் பார்க்கத் தோன்றிவிடும்.

இந்த முறை ஆளைப் பார்க்கவில்லை.
தடத்தைத்தான் பார்த்தேன்.
ஈரப் பொடிக்கல்லில் இரண்டு விரல் அகலம்,
மூன்றாம் வளைவு வரை ஒரே கோடு.
ஏழாம் வளைவில், சாலை செங்குத்தாக நிமிரும் இடத்தில்,
கோடு இரண்டாகப் பிரிந்தது.
முன்சக்கரம் தடுமாறினால் அப்படித்தான்,
பின்சக்கரம் சோம்பேறி, குறுக்குவழி தேடும்.
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்,
அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்,
முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு நெளிந்திருந்தது.
எதிரே எதுவும் வராது என்று தெரிந்தவர் போட்ட கையெழுத்து.

ஒன்பதாவதில் ஒரு கால் ஊன்றிய குழி.
பக்கத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு விதை.
தோலை எடுத்துப் போயிருக்கிறார்.

உச்சியில், நேற்று நான் நிறுத்திய இடத்தில்
ஆளுயரப் பனிச்சுவர்.
அதற்கப்பால் தார்சீசியோவின் எல்லை,
அவன் வண்டி பழுது.
டயர் தடம் சுவர் வரை போயிருந்தது.
திரும்பி வரவில்லை.

வயிற்றில் ஏதோ புரள, இறங்கினேன்.
சுவரில் ஷூ முனையால் குத்திய ஐந்து படிகள்.
மேலே காலடிகள் மட்டும்.
வலது கால் இடதைவிட ஆழம்:
சைக்கிள் வலது தோளில்.
முந்நூறு அடி தள்ளி ஒரு மிதிபட்ட வட்டம்,
அதன்பின் இடது ஆழம்.
மஞ்சள் கம்பங்களை ஒட்டியே போயிருக்கிறார்.
அக்டோபரில் நாங்கள் நடுவது,
பனிக்கடியில் சாலை எங்கே என்று எனக்குச் சொல்ல.
இருபத்தாறு வருடத்தில்
வேறொருவர் அவற்றைப் படித்ததாக நினைவில்லை.

ரேடியோ கரகரத்தது.
தார்சீசியோ:
"உன் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பளை இறங்கி வந்திருக்கா.
பேரு தெல்ஃபீனாவாம், தொல்மெத்சோவுல மூக்குக்கண்ணாடிக் கடை.
ஷூவை என் அடுப்புல காயப்போட்டுட்டு
ரெண்டு தட்டு பொலெந்தா சாப்பிட்டாச்சு.
நீ கம்பத்துக்கிட்ட என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவன் பக்கத்தையும் நானே உழ வேண்டும் என்று உத்தரவு.
பிளேடை இறக்கினேன், ஏற்றினேன்,
மறுபடி இறக்கினேன்.
காலடிகளை இடப்பக்கம் விட்டு ஒற்றைச் சால் ஓட்டினேன்,
மூன்று கிலோமீட்டர்,
விதிப்படி இருக்க வேண்டிய அகலத்தில் பாதி.
மேலதிகாரி கேட்டால் சொல்லப் பொய் ஒன்று வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
மறுநாள் மதிய வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது.

பதினொன்றாம் தேதி பூட்டைத் திறந்தேன்.
வரிசையில் முதல் கேரவன்காரர் கண்ணாடியை இறக்கி,
"மேலே பார்க்க என்ன இருக்கு?" என்றார்.

"ரோடு" என்றேன்.