ங்க

ரெஃபரியைத் திட்டுவதென்றாலும்
"ஏனுங்க, கண்ணு அவிஞ்சு போச்சுங்களா?"
என்றுதான் திட்டுவோம்.
மரியாதை குறைந்ததென்று
யாரும் எங்களைச் சொன்னதில்லை.

வீரபாண்டிப் பிரிவுக்குப் பின்னால்
ஜெனரேட்டர் புகையில் எரிகிற நாலு கம்பம் வெளிச்சம்.
ஞாயிற்றுக்கிழமை, எழுவர் ஆட்டம், அரையிறுதி.
சனிக்கிழமைச் சம்பளம் இன்னும் சட்டைப் பையில்.

போன வருசம் அவன் எங்களுக்கு ஆடினான்.
நாலு மேட்ச், ஆறு கோல்.
தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனோம்.
"நம்ம கருப்பன்டா!" என்று
சென்னியப்பன் மைக்கில் கத்த
எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான்.
பரோட்டா வாங்கிக் கொடுத்தோம்,
தின்பதைப் படம் எடுத்தோம்.
பேர் யாரும் கேட்கவில்லை.

இந்த வருசம் உடுமலைக்காரர்கள்
கூடக் காசு கொடுத்துக் கூட்டிப்போய்விட்டார்கள்.
இருபதாவது நிமிசம்
எங்கள் வலையில் அவன் அடித்த பந்து.

முதலில் ஆரம்பித்தது யாரென்று தெரியாது.
தொண்டைக்கு அடியிலிருந்து, ஊ ஊ என்று,
மரத்திலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்.
மூன்றாவதோ நான்காவதோ
நான்.

ஃபோனில் வெளிநாட்டு மைதானங்களைப் பார்த்துப்
பழகியது பாதி.
மீதி இங்கேயே இருந்தது.
பெண் பார்க்கக் கிளம்பும் முன்
"நெறம் மட்டும் கொஞ்சம் கம்மிங்க" என்று
தரகர் இழுத்த இழுப்பில்.
பிறந்து மூன்றாம் நாள் என் மகளின்
காது மடலைத் திருப்பிப் பார்த்து
"வெளுத்துருமுங்க" என்று நர்ஸ் சொன்ன ஆறுதலில்.
கருப்பராயனுக்குச் சுருட்டு வைத்து
"சாமி, பாத்துக்குங்க" என்று விழுந்து கும்பிட்டு
எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டபோது
அதுவும் என்னோடுதான் எழுந்து வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
அந்தக் கோலை விட்டது எங்கள் கோலி திருமூர்த்தி.
அவனுக்கு வேறு சத்தம் வைத்திருந்தோம்.
கத்தவெல்லாம் வேண்டியதில்லை,
அவன் குடியிருக்கிற தெருவின் பேரை
மெதுவாகச் சொன்னால் போதும்.
பிடிக்கிறவரை தம்பி.
விட்டால் தெரு.
அவன் கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டான்.

நான் போட்டிருந்தது கம்பெனியில் கழித்த பீஸ்.
இங்கிலாந்தில் ஏதோ லீக்குக்காகத் தைத்தது,
பன்னிரண்டாயிரம் பீஸ், நெஞ்சில் பிரிண்ட்.
இனவெறிக்கு இங்கே இடமில்லை என்று
அர்த்தமாம், மெர்ச்சண்டைசர் பையன் சொன்னான்.
நான் செக்கிங்.
ஊசி ஓட்டையா, எண்ணெய்க் கறையா,
எழுத்து கோணலா என்று பார்ப்பேன்.
என்ன எழுதியிருக்கிறது என்பது
என் டேபிளுக்கு வராது.
இதில் கடைசி எழுத்து பாதி உரிந்திருந்தது,
ரிஜெக்ட்.

இரண்டுக்கு ஒன்றில் தோற்றோம்.

பைக் எடுக்கிற இடத்துக்கு அவன் வந்தான்.
தோளில் பை, கணுக்காலில்
ஐஸ் வைத்துக் கட்டிய துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.
உடுமலை வேன் ஜெயித்த சந்தோசத்தில்
இவனை விட்டுவிட்டுப் போயிருந்தது.
என் நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
இருட்டு. படித்தானா தெரியாது.

"அண்ணா, உடுமலைக்கு பஸ் இருக்குதுங்களா?"

யார் சொல்லிக் கொடுத்தார்களோ,
அந்த 'ங்களா'
பிசிறில்லாமல், எங்கள் வீட்டில் பிறந்த மாதிரி.

"போயிருச்சு" என்றேன்.
இன்னும் ஓர் எழுத்துக்கு
வாயில் இடம் இருந்தது.

"சரிங்ண்ணா."
பல்லடம் ரோட்டில் நொண்டிக்கொண்டே நடந்தான்.

பத்தே காலுக்கு ஒரு வண்டி உண்டு.
எங்கள் வீட்டைத் தாண்டித்தான்
தினமும் போகும்.