தகவல் இல்லை

த்ரோன்ஹெய்ம், நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
சுன்னீவாவுக்கு ஐந்து மாதமும் ஆறு நாளும்.
மணிக்கட்டிலும் தோளிலும் வெள்ளிப் பொட்டுகள்,
கேமராவுக்காக நாங்கள் ஒட்டியவை.
ஒன்றை ஏற்கெனவே தின்னப் பார்த்தாள்.

என் வேலை எண்ணுவது.
ஒரு நொடியை நூறாக அரிந்து
ஒவ்வொரு துண்டிலும்
கண் எங்கே, கை எங்கே என்று குறிப்பது.

முதலில் கண் போகிறது.
போய்ச் சிவப்பு வளையத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறது,
கடன் கொடுத்தவன் வாசலில் உட்கார்வதுபோல்.
பிறகு தோள்.
பிறகு வாய் திறக்கிறது. அது எதற்கோ, தெரியாது.
கை கிளம்புகிறது, நிற்கிறது,
இடப்பக்கம் கொஞ்சம் போய்த் திரும்புகிறது,
ஊர் புதியவன் வழி கேட்டுக் கேட்டு நடக்கிறமாதிரி.
வளையத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடை.
அதற்குள் உடம்பு மொத்தமும்
கையின் பின்னாலேயே சரிகிறது.
மெத்தை. மூக்கு. அழுகை.
எழுதுகிறேன்: தோல்வி, பதினொன்று.

"வீட்டில் எடுத்துவிடுவாள்" என்கிறார் அப்பா தோர்கைர்.
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை,
சட்டையில் இன்னும் ஐஸ் வாசம்.
எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். தலையாட்டுகிறேன்.

அவளை நிமிர்த்தி உட்காரவைத்தவர்
யாரையும் கேட்காமல்
இடுப்புக்கு இருபுறமும் உள்ளங்கைகளை வைத்தார்.
பிடிக்கவில்லை. சும்மா வைத்திருந்தார்.

அவ்வளவுதான்.
விழாமலிருக்க இத்தனை நேரம் உழைத்த கைகளுக்கு
லீவு கிடைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
இங்கே போகாது. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் புயலுக்கு.
ஆறு கேமராக்களும் செத்தன.
வளையத்துக்குள் கிடந்த மணிகள் மட்டும்
கயிற்றில் ஆடிக் கிணுகிணுத்தன.
தன் கையைத் தானே பார்க்க முடியாத அந்த இருட்டில்
ஒரு மூச்சு இழுக்கப்பட்டது. சின்ன மூச்சு.
மணிச்சத்தம் சட்டென்று நின்றது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஈரமாக, மும்முரமாக, சப்புகிற ஓசை.

விளக்கு வந்தபோது வாயில் பாதி வளையம்.
தோர்கைர் கையை எடுக்கவேயில்லை.
பன்னிரண்டாம் கட்டத்தில், விதிப்படி,
"தகவல் இல்லை" என்று எழுதினேன்.
எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றிரவு பல் தேய்த்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு குழாயை நோக்கிக் கை நீட்டினேன்.
கைக்கு முன்னால் ஏதோ ஒன்று அசைந்தது.
மறுபடி நீட்டிப் பார்த்தேன்.
குதிகால்.